வெட்டிய படத்தின் சத்தம்

இடிந்த கிணற்றுக்குள் மைக்கை இறக்கிய ஆள் சேலம், நாமக்கல் சீமையில் ஒரே ஒருவர்தான். அவர் என்னிடம் ஆபரேட்டராக இருந்தவர். மல்லசமுத்திரத்துக்கு மேற்கே என் டூரிங் டாக்கீஸ் கூடாரம் நின்றபோது நடந்தது அது. கிணற்றின் அடியில், சரிந்து விழுந்த மண்ணுக்கும் பாறைக்கும் கீழே, அவருடைய ஒரே மகன் கிடந்தான். உயிர் இருக்கிறதா இல்லையா என்று மேலே நின்ற ஒருவருக்கும் தெரியாது. இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஆட்கள் உள்ளே இறங்குவார்கள்.

அந்தப் பகலைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நேராகக் கிணற்றடிக்குப் போய்விட்டால், அங்கே அவர் செய்தது என்ன என்று உங்களுக்கு விளங்காது. அவர் எப்படிப்பட்ட ஆள் என்று கொஞ்சமாவது தெரிய வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கூடாரத்தில் முறுக்கு விற்றேன், டிக்கெட் கிழித்தேன், பிறகு அந்தக் கூடாரத்தையே வாங்கினேன். இன்றைக்கு என் பேர் எழுதிய போர்வெல் ரிக் வண்டிகள் வடக்கே ஊர் ஊராகத் துளை போட்டுக்கொண்டு நிற்கின்றன. என் பேரப்பிள்ளைகள் இங்கிலீஷில் சண்டை போடுகிறார்கள். இதில் எதுவும் எவன் தயவிலும் வந்ததில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான ஜனங்களை மூச்சு விட மறந்து மணல் மேல் உட்கார வைப்பது எனக்கு வராது. என் கூடாரத்தில் அதைச் செய்தவர் அவர்.

ஓமலூர்ப் பக்கம் ஒரு கூடாரம் படுத்துப்போனபோது, மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு, தலையில் ஒரு தகரப் பெட்டியோடு என்னிடம் வந்தார். நெட்டையான ஆள். தலை எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி. பிலிம் ஒட்டுகிற சிமெண்ட் பட்டுப் பட்டு விரல் நுனிகள் தோலுரிந்து மினுமினுவென்று இருக்கும்.

அவரிடமிருந்து எதையும் ஒரே மூச்சில் வாங்க முடியாது. பஸ்ஸில் வர வேண்டிய படப்பெட்டிக்காக நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். சாவகாசமாக வருவார். "மொதலாளி, பெட்டி வந்துருச்சுங்க" என்பார். சொம்பில் தண்ணீர் மொண்டு குடிப்பார். வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆனா" என்பார். அதோடு நின்றுவிடும். படம் மாறி வந்ததா, ஒரு ரீல் குறைகிறதா, பெட்டி உடைந்ததா என்று அதற்குள் நான் பாதி செத்துவிடுவேன். ஆனா என்னய்யா என்று கேட்டால், பஸ் கூரை மேல் போட்டு வந்ததில் பெட்டி மேலெல்லாம் தூசி என்பார். அவ்வளவுதான் சங்கதி.

அவர் மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இவருகூடக் குடும்பம் நடத்தறதுன்னா, படியேறப் போறப்ப ஒத்தக் காலத் தூக்கி வெச்சுக்கிட்டே நிக்கிற மாதிரிங்க, மொதலாளி."

ஏன் இப்படி என்று நானே ஒருமுறை கேட்டேன். அன்றைக்கு மட்டும் உடனே பதில் வந்தது. "சொல்லிப்புட்டா முடிஞ்சு போயிருமுங்க. சொல்லாத வரைக்கும் கேக்கறவங்க நம்மகிட்டயே இருப்பாங்க."

இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு அவர் செய்ததுதான் டிரெய்லர்.

அந்தக் காலத்தில் டிரெய்லர் என்பது டவுன் தியேட்டருக்கு வருகிற சாமான். சேலத்தில் ஓடி, சின்ன ஊர்களில் ஓடி, தேய்ந்து கடைசியில் எங்கள் கூடாரத்துக்கு வருகிற பெட்டியில் டிரெய்லர் இருக்காது. கொலை, பங்களா, துப்பறிகிறவர், கரண்டு போகிற வீடு என்று எடுத்த படங்கள்தான் எங்களுக்கு வாடகை குறைவாகக் கிடைக்கும். பிரிண்ட் தேய்ந்திருப்பதால், மழை பெய்வது படத்திலா பிலிமிலா என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. அந்த மாதிரிப் படத்துக்கு ஜனங்களைக் கூட்ட, வெறும் நோட்டீஸும் தட்டு வண்டி மைக்கும் போதவில்லை.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அடுத்த படத்தின் பெட்டி இரண்டு நாள் முன்னதாகவே வரும்படி செய்துகொள்வார். பகலில் புரொஜெக்டர் நிற்கிற கேபினுக்குள் உட்கார்ந்து, ஓடப் போகிற அந்தப் படத்தையே அங்கங்கே வெட்டி, துண்டுகளை ஒட்டி, தானாக ஒரு டிரெய்லர் செய்வார். அந்த இரண்டு நாளும் இடைவேளையில் அதை ஓட்டுவார். படம் போடுகிற அன்று காலையில் ஒவ்வொரு துண்டையும் அதனதன் இடத்தில் திரும்ப வைத்து ஒட்டிவிடுவார். படம் கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தால் அடுத்த பெட்டி எனக்கு வந்திராது. கடைசி வரை தெரியாது. நான் கூடாரம் நடத்திய லட்சணம் அப்படி.

அவர் காமிராவைக் கண்ணால் கண்டவர்கூட இல்லை. ஆனால் பிலிம் துண்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இது யாரோட கண்ணு என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். எனக்கு ஒருநாள் இரண்டு துண்டுகளைக் காட்டினார். இரண்டிலும் ஒரே பெண், ஒரே அடுப்பு, ஒரே சட்டி. ஒன்றில் காமிரா அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அது சமையல். இன்னொன்றில் காமிரா ஜன்னல் கம்பிக்கு வெளியே இருந்தது. அங்கே எவனோ நிற்கிறான். அந்த மாதிரித் துண்டுகளாகப் பொறுக்குவார். நிற்கிறவனுடைய முகம் வருகிற துண்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவார். முகம் தெரிந்தால் அவன் ஒருத்தன்தான், தெரியாவிட்டால் கூடாரத்தில் இருக்கிற அத்தனை பேரும் பக்கத்தில் இருப்பவனைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. பார்த்தார்கள். நானே பார்த்தேன், என் கூடாரத்தில், என் கணக்குப்பிள்ளையை.

பிலிமை அவர் அளப்பது பூக்காரி அளப்பது மாதிரி, முழம் போட்டு. ஒரு முழம் பிலிம் ஓட ஒரு நொடி. முதல் துண்டுகள் ஐந்து முழம், ஆறு முழம் போகும். மாடிப்படி, யாரும் இல்லை. கதவு, யாரும் இல்லை. பார்க்கிறவனுக்கு அலுப்பு வரத் தொடங்குகிற இடத்தில் துண்டு முழமாகும், சாணாகும், நாலு விரலாகும். கண் பிடிப்பதற்குள் போய்விடும். பிறகு திடீரென்று மறுபடியும் அந்த வெறும் மாடிப்படி, ஆறு முழம். இப்போது அதே படியைப் பார்க்க ஜனங்களுக்குக் குலை நடுங்கும். அதில் ஒன்றும் மாறவில்லை. பார்க்கிறவன்தான் மாறியிருந்தான்.

சத்தத்தில் அவர் செய்தது இன்னும் மோசம். புரொஜெக்டரில் படம் விழுகிற ஜன்னல் மேலே இருக்கும், சத்தத்தைப் படிக்கிற இடம் அதற்குக் கீழே. இரண்டுக்கும் நடுவே முழத்துக்குக் கொஞ்சம் குறைச்சலாகப் பிலிம் ஓடும். அதனால் ஒரு துண்டை வெட்டினால், திரையில் அடுத்த படம் வந்த பிறகும் பழைய துண்டின் சத்தம் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்டக் கேட்டுக்கொண்டே இருக்கும். வெட்டி எடுத்துவிட்ட, திரையில் யாரும் பார்க்கப்போகாத படத்தின் சத்தம் அது. மற்ற ஆபரேட்டர்களுக்கு இது ஒரு தொந்தரவு. இவர் இதையே பிழைப்பாக்கிக்கொண்டார். கோடாலி மேலே போகும். அங்கே வெட்டிவிடுவார். அடுத்த துண்டில் தொட்டிலில் ஒரு குழந்தை தூங்கும். கோடாலி இறங்குகிற சத்தம் அந்தக் குழந்தையின் முகத்தின் மேல் வந்து விழும்.

மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். ஒருத்தியும் கத்தவில்லை. கத்தவிடக் கூடாது என்பதற்காகவே அந்த இடத்துக்கு முன்னால் வால்யூமைக் குறைத்து வைத்திருப்பார். சத்தம் குறைந்தால் ஜனங்கள் தாங்களாகவே வாயை மூடிக்கொண்டு முன்னால் சாய்வார்கள்.

ஒருமுறை சறுக்கியது. ஒரு சிரிப்புச் சத்தத்துக்காகக் கடைசி ரீலில் எடுத்த துண்டைத் திரும்ப ஒட்டும்போது, அது முதல் ரீலில் போய் உட்கார்ந்துவிட்டது. படம் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. நல்லவராக ஒரு டாக்டர் கதாநாயகியின் நாடியைப் பிடிக்கிறார். சட்டென்று அதே டாக்டர் கையில் கத்தியோடு சிரிக்கிறார். மறுபடி நாடியைப் பிடிக்கிறார். முன்வரிசையில் ஒரு கிழவர், "அட டாக்டரே, நீதானா" என்று எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மிச்சப் பேர் கடைசி வரை உட்கார்ந்து, டாக்டர் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஊசி போட்டுக்க வேண்டாம் தாயி என்று கதாநாயகிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சொல்லாமல் வைத்திருந்த ஒன்று கை தவறி விழுந்துவிட்டது அவருக்கு.

ஆட்டையாம்பட்டியில் கூடாரம் போட்டபோது நடந்தது வேறு மாதிரி. கூடாரத்தை ஒட்டி நெசவுத் தெரு. அங்கே ஒரு வீட்டில் கெஞ்சிக் கேட்டு, தறிக்குப் பக்கத்தில் மைக்கை வைத்து, ஒயரை நம் ஆம்ப்ளிஃபயருக்கு இழுத்துக்கொண்டார். டிரெய்லரில் ஒருவன் நடந்து வருகிற இடத்தில் பிலிமின் சத்தத்தை அடக்கிவிட்டுத் தறிச் சத்தத்தைத் திறந்தார். டக்கு, டக்கு, டக்கு. கூடாரமே சிரித்தது. நாளெல்லாம் கேட்கிற எங்கூட்டுச் சத்தத்தையே எங்ககிட்டக் காசு வாங்கிட்டு விக்கிறாரு என்று ஒருவன் சொல்ல, இன்னும் சிரித்தார்கள்.

அடுத்த நாள் அதையே மறுபடி போட்டார். ஜனங்கள் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். தறி ஓடியது. திரையில் ஒரு கதவு மெல்லத் திறந்தது. அந்த இடத்தில், முன்பே சொல்லி வைத்தபடி, நெசவாளி கையை நிறுத்திவிட்டார்.

நெசவுத் தெருவில் ஓடுகிற தறி நடுவில் நின்றால் ஒன்று நூல் அறுந்திருக்க வேண்டும், இல்லை நெய்கிறவருக்கு என்னவோ ஆகியிருக்க வேண்டும். கூடாரத்தில் ஒருவர்கூடத் திரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் வீடு இருக்கிற பக்கம் திரும்பினார்கள். ஒரு பெண் எழுந்து, செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினாள். அவள் புருஷன் நோயாளி என்று பிறகு தெரிந்தது. அவருக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

இது எனக்கு வெற்றியாகத்தான் பட்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "சத்தத்துல பயம் இல்லீங்க. அது நிக்கிறதுலதான் இருக்குது" என்றார். ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "அந்தம்மா ஓடுனத நான் பாத்திருக்கக் கூடாதுங்க" என்றார். தறியை அதற்கப்புறம் அவர் தொடவில்லை.

பிறகு மழை பொய்த்தது. ஒரு வருஷம் பொய்த்து, அடுத்த வருஷமும் பொய்த்தது. மல்லசமுத்திரம் பக்கம் கூடாரத்தைக் கொண்டுவந்து நட்டபோது, சுற்றிலும் கிணற்றில் வெடி வைக்கிற சத்தம்தான். ஆளாளுக்குக் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பயப்படுவதற்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்க வேண்டிய அவசியம் ஜனங்களுக்கு இல்லாமல் போயிற்று. வாரத்தில் பாதி நாள் ஆட்டம் போடுவதை நிறுத்தினேன். வேறு ஒருவனாக இருந்தால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பான். நான் நின்றேன்.

ஆபரேட்டரின் மகன் அப்போது மீசை முளைத்த பையன், நல்ல திடகாத்திரம். கேபினுக்குள் வளர்ந்தவன், அதனால் எந்தப் படத்தையும் வரிசையாகப் பார்த்ததே இல்லை என்று அப்பாவைக் கேலி செய்வான். "எங்கப்பாவுக்குப் பொறந்ததுல ஒரே கஷ்டமுங்க, யாரு யாரக் கல்யாணம் பண்ணுனாங்கன்னே எனக்குத் தெரியாது" என்பான். கூடாரத்தில் வேலை குறைந்ததும் கிணறு வெட்டுகிற குழுவில் சேர்ந்துகொண்டான். அவன் சேருகிற அன்று நான் அங்கேதான் இருந்தேன். அப்பாவிடம் வந்து, போயிட்டு வாரேனுங்க என்றான். இவர் வாயைத் திறந்தார். போகாதே என்று சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன், அவர் மனைவியும் நினைத்தாள், பையனும் நினைத்து நின்றான். கையிலிருந்த பிலிமைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டார். பையன் சிரித்துவிட்டுப் போனான்.

அந்தக் கிணறு சரிந்தது ஒரு முற்பகலில். கூடாரத்திலிருந்து கூப்பிடு தூரம். முதலில் ஒரு பெரிய சத்தம், வெடி என்று நினைத்தோம். வெடிக்கு முன்னால் எச்சரிக்கையாகக் கத்துவார்கள். யாரும் கத்தியிருக்கவில்லை.

நாங்கள் ஓடியபோது கிணற்றுக்குள்ளிருந்து புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு பக்கச் சுவர் அப்படியே உள்ளே போயிருந்தது. மற்றவர்கள் மண் தூக்குகிற கிரேனின் கயிற்றைப் பிடித்து மேலே வந்துவிட்டார்கள். மூலையில் பாறைக்கு அடியில் குடைந்துகொண்டிருந்த இவர் மகன் மட்டும் வரவில்லை. நான் என் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துத் தீயணைப்பு வண்டிக்கு ஆள் அனுப்பினேன். அது டவுனிலிருந்து வர வேண்டும்.

குழுவின் மேஸ்திரி நல்ல மனுஷன். கிணற்று விளிம்பில் குந்தி, சுவரிலிருந்து மண் உதிர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். பையனின் அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளிடம் பேசாமல் ஆபரேட்டரிடம் பேசினார்.

"மூலைல பாற சாஞ்சு நிக்குதுங்க. அதுக்குக் கீழ எடம் இருந்தா உசுரு இருக்கும். இருக்குதுன்னு தெரிஞ்சா இந்த நிமிஷமே எறங்குவோம், சாமி சத்தியமா. தெரியாம எறங்குனா இன்னொரு சுவரு வந்து நாங்களும் போயிருவோம். எங்களுக்கும் புள்ள குட்டி இருக்குதுங்க."

கூப்பிட்டுப் பார்த்தார்கள். மேலே இத்தனை அழுகைக்கு நடுவில் கீழேயிருந்து எது வந்தாலும் கேட்காது.

ஆபரேட்டர் திரும்பிக் கூடாரத்துக்கு ஓடினார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பி வரும்போது ஊர்வலத்துக்கு எடுத்துப் போகிற பேட்டரி ஆம்ப்ளிஃபயர் ஒரு கையில், மைக் ஒரு கையில். அவர் சொன்னதன் பேரில் கணக்குப்பிள்ளை பின்னாலேயே குழாய் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தான். கேபினில் அவர் கேட்பதற்கென்று வைத்திருந்த சின்னப் பெட்டி ஸ்பீக்கரும் அவர் இடுப்பில் தொங்கியது. ஒரு கடப்பாரையை மூலைப் பாறையோடு சேர்த்து ஆழமாக ஊன்றி, அதன் தலையில் மைக்கை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தால் போதும் என்று மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி மட்டும் கிரேன் தொட்டியில் இறங்கி, அதைச் செய்துவிட்டு மேலே வந்தார்.

"கிரேன் எஞ்சின நிறுத்துங்க" என்றார் ஆபரேட்டர். "எல்லாரும் கொஞ்சம் அழுகைய நிறுத்துங்க, தாயி."

வால்யூமை மெல்லத் திருப்பினார். குழாயில் முதலில் வெறும் இரைச்சல். பிறகு கூழாங்கல் உருள்கிற சத்தம், பெரிதாக, யாரோ தலைக்கு மேல் கல்லைக் கொட்டுகிற மாதிரி. பிறகு, டிங்.

இரும்பு பாறையில் படுகிற சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. மறுபடி ஒன்று.

பையனின் அம்மா குழாயைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு, கண்ணு, கண்ணு என்று அதற்குள்ளேயே கூப்பிட்டாள். மேஸ்திரி தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு தொட்டியில் கால் வைத்தார். நான்கு பேர் அவரோடு இறங்கினார்கள். ஒருவரையும் யாரும் கேட்கவில்லை, தாங்களாக இறங்கினார்கள்.

வெயில் ஏறியது. கீழே மண்ணை அள்ளி அள்ளித் தொட்டியில் அனுப்பினார்கள், எஞ்சினைப் போடாமல் நாங்கள் கையாலேயே மேலே இழுத்துக் கொட்டினோம். முதலாளி என்று நான் ஒதுங்கி நிற்கவில்லை, என் உள்ளங்கைத் தோல் அன்றைக்குப் போனது. நடு நடுவே சுவரிலிருந்து ஒரு கூடை மண் உதிரும். ஜனங்கள் மூச்சைப் பிடிப்பார்கள். குழாயில் டிங் என்று கேட்டதும் விடுவார்கள். கூடாரத்தில் அவர் எத்தனையோ தரம் செய்ய வைத்ததை இப்போது கிணறு செய்ய வைத்தது. அவர் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் மண்டியிட்டு, தலையைச் சாய்த்து, வால்யூமில் கை வைத்தபடி இருந்தார்.

தட்டுகிற சத்தத்துக்கு நடுவே இருந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. எனக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவருக்கு அதற்கு வெகுநேரம் முன்பே தெரிந்திருக்கும். பிலிமை முழம் போட்ட ஆள். ஒரு தட்டுக் கேட்டது. அடுத்தது வர வேண்டும். ஊரே அதற்காக நின்றது. அம்மா குழாயின் வாயில் காதை வைத்திருந்தாள். அந்த இடைவெளியில், அடுத்தது வருமா வராதா என்று தெரிவதற்கு முன்னால், அவர் குழாயின் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். குழாயின் அதிர்வில் மண் உதிர்கிறது, இனி நான் பெட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்று அறிவித்தார். சின்னப் பெட்டியைக் காதோடு வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "தட்டறான்" என்றார்.

அம்மா குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கேட்டாள். "ஏனுங்க, நம்ம கண்ணு தட்டறானுங்களா?"

"தட்டறான்."

கீழேயிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது. "ஏனுங்க ஆபரேட்டரு, கேக்குதுங்களா?"

"கேக்குது. தோண்டுங்க."

இப்படியே போயிற்று. நான் அவர் பக்கத்தில் போய்க் குந்தினேன். பெட்டியை எனக்குத் தர மறுத்தார். நான் அவர் கையோடு சேர்த்துப் பெட்டியை இழுத்து என் காதில் வைத்தேன். வெறும் இரைச்சல். மம்முட்டி மண்ணில் இறங்குகிற சத்தம் தனியாகக் கேட்டது, ஆட்கள் இருமுவது கேட்டது. வேறொன்றும் இல்லை. காத்திருந்தேன். வேறொன்றும் இல்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

மேஸ்திரி மறுபடி கீழேயிருந்து குரல் கொடுத்தார். ஆபரேட்டர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

என் குரல் மைக் இல்லாமலே அரை மைல் போகிற குரல். "நல்லாக் கேக்குதப்பா, நிறுத்தாதீங்க" என்று நான் கத்தினேன். சுற்றி நின்றவர்கள் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். கீழே மறுபடி மம்முட்டி விழுந்தது.

அதற்கப்புறம் நானும் அவரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். ஒருமுறை ஒரு பெரிய கட்டி உதிர்ந்து, கீழே இருந்தவர்களில் ஒருவருடைய தோளில் விழுந்தது. அவர் மேலே வரவில்லை.

உச்சி வெயில் சாய்ந்த பிறகு தொட்டி மேலே வந்தது. மேஸ்திரி தன் வேட்டியை அவிழ்த்து அவனைச் சுற்றியிருந்தார். முகத்தில் ஒரு காயமும் இல்லை. அம்மாவின் சத்தம் அப்போதுதான் எழுந்தது. அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மேஸ்திரியும் மற்றவர்களும் ஒவ்வொருவராக மேலே வந்து, கோவணமும் மண்ணுமாக விளிம்பில் உட்கார்ந்தார்கள். விரல்களில் நகம் பெயர்ந்து மண்ணோடு ரத்தம் காய்ந்திருந்தது. நான் மேஸ்திரி பக்கத்தில் போய் நின்றேன். ஆபரேட்டர் எங்களுக்குப் பின்னால் வந்து நிற்பதை நான் கவனிக்கவில்லை.

"தட்டறது பாதியிலேயே நின்னுபோச்சுங்க" என்றார் மேஸ்திரி, என்னைப் பார்க்காமல். "அந்தக் கடப்பாரைலயே நாங்க மாத்தி மாத்திக் கைய வெச்சுப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். நீங்க குழாய நிறுத்துன நேரத்துக்கே நின்னுபோச்சு."

"அப்புறம் எதுக்கப்பா தோண்டுனீங்க?"

அவர் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"மேல ஒரு மனுசன் கேக்குது கேக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கறப்ப, மம்முட்டியக் கீழ வெக்கிறது எப்படீங்க?"

பையனைக் கடைசியாகக் குளிப்பாட்டுவதற்காக யாரோ ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அந்த வருஷம் ஒரு குடம் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. ஆபரேட்டர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து மேஸ்திரியின் முன்னால் குந்தினார். அவர் கையைப் பிடித்து, தண்ணீரை ஊற்றி, விரல் விரலாக மண்ணைக் கழுவினார். வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்று மேஸ்திரி கையை இழுத்தார். இவர் விடவில்லை. அடுத்தவர் கையைப் பிடித்தார். அதற்கடுத்தவர். தோளில் அடிபட்டவருக்குக் கை நீட்ட முடியவில்லை, மடியில் கிடந்த அந்தக் கையை இவரே எடுத்துக் கழுவினார். ஒருவரையும் விடவில்லை.

குடம் காலியானதும் அதை நிமிர்த்தி வைத்தார். அதற்குப் பிறகுதான் மகனைப் பார்க்கத் திரும்பினார்.